பாபி லாங்ஷா எடுத்த பாட்டில்

ஹலோ... ம், ராய்தான் பேசுறேன்... இல்ல ஹெர்ப், ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகல. பாபியோட கேரவன்ல இருக்கேன்... ஆமா, பாபியும் இங்கதான். எனக்கு எதிர்ல, மேக்கப் கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்கான்... ஆமா, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. நான்தான் போட்டேன்.

கத்தாதீங்க... கத்தாதீங்கன்னு சொல்றேன்ல. நீங்க தயாரிப்பாளர், படம் உங்களோடது, கத்த உரிமை இருக்கு. நான் இந்தப் படத்துக்கு ஸ்டண்ட் மாஸ்டர். அடிபடாம அடிக்க வெக்கிறதுதான் இருவத்தாறு வருசமா என் பொழப்பு. இன்னிக்குக் காலையில அது நடக்கல.

... இல்ல, இவனை இன்னும் அடிக்கல... ஆமா, 'இன்னும்'னுதான் சொன்னேன். சரியாத்தான் காதுல விழுந்திருக்கு.

... கிளைட்டா? மண்டையில பதினேழு தையல். இடது காதுல சத்தமே ஏறலையாம். ஜோன் பேசினா. என் தங்கச்சிங்கிறது ஞாபகம் இருக்கா? புருசன் சட்டையைப் பையில சுத்தி அவ மடியில வெச்சிட்டுப் போயிட்டாங்களாம். இன்னும் ஈரமா இருக்கு, என்ன பண்றதுன்னு என்னைக் கேக்குறா... ம்... ம்... பூ எல்லாம் அனுப்ப வேணாம். பூ அனுப்புனா அந்தத் தொட்டியோட உங்க ஆபீஸுக்கு வந்து உங்க மண்டையில போடுவேன்.

சரி, எதுக்கு இங்க வந்தேன்னு கேளுங்க. உங்க ஆபீஸ் பொண்ணு ஒரு தாளை நீட்டுச்சு. விபத்து அறிக்கை. அடியில என் கையெழுத்து வேணுமாம். வாசிக்கிறேன், கேளுங்க. 'அடி வாங்கும் சண்டைக் கலைஞர் கிளைட் டன்னம் பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிட்டார். தான் தயாராகும் முன்பே சைகையும் கொடுத்துவிட்டார்.' யாரு எழுதினது?... வக்கீலா. அவருக்கு எங்க வழக்கம் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

... தெரியும், தெரியும். அடி வாங்குறவன்தான் பாட்டிலைத் தட்டிப் பாத்து வெக்கணும். அடி வாங்குறவன் எதிராளியைப் பாத்து மெதுவா ஒரு தரம் கண்ணை மூடித் திறக்கணும். அதுக்கப்புறந்தான் அடிக்கிறவன் கை இறங்கணும். அவன் உயிரு, அதனால அவன் சைகை. இதை வெச்சே அவன் தலையில பழியைக் கட்டலாம்னு உங்க வக்கீலுக்குத் தோணியிருக்கு.

கிளைட் வெச்சதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன் ஹெர்ப். இடது பக்கம் நிஜப் பாட்டில், உள்ள டீத்தண்ணி. பாபி அதை விஸ்கின்னு ஊத்திக் குடிக்கணும். வலது பக்கம் சர்க்கரைப் பாட்டில், சர்க்கரைப் பாகைக் கண்ணாடி மாதிரி வார்த்தது. மண்டையில போட்டா அப்பளமா நொறுங்கும். ஆறு டேக் அப்படித்தான் நொறுங்குச்சு. ஏழாவது டேக்ல குடிச்சு முடிச்ச பாட்டிலையே ஓங்கிட்டான். கிளைட் அப்பத்தான் குனிஞ்சு மேசையைத் துடைச்சுக்கிட்டு இருக்கான். கண்ணே இவன் பக்கம் வரல.

... கேமரால எப்படித் தெரியும்? இந்தக் காட்சியில கிளைட் பார் ஓனருக்கு டூப். டூப்போட மூஞ்சியையா காட்டுவீங்க? கேமரா அவன் முதுகுக்குப் பின்னாடி... ஆமா, என் வார்த்தை மட்டுந்தான். நான் அவனுக்கு மச்சான், அதனால என் வார்த்தை செல்லாது. சரி.

கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு சொல்றேன். ஒரு காது போனவனைக்கூட இந்த ஊர்ல வேலைக்குக் கூப்பிடுவாங்க. தப்பா சைகை குடுத்தவனைக் கூப்பிட மாட்டாங்க. அவன்கூட சண்டை போட எவன் வருவான்? ஜோன் கேக்குறது சட்டையைப் பத்தி. எனக்குப் பயம் இந்தத் தாளைப் பத்தி.

... என்ன சொன்னீங்க? காமெடி நடிகருங்கன்னா அப்படித்தானா? திடீர்னு ஏதாவது பண்ணத்தான் செய்வாங்களா?

ஹெர்ப், அவங்களைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நீங்க அவங்களை விருந்துல பாத்திருக்கீங்க. நான் அவங்க முழங்கையை என் பல்லுல பாத்திருக்கேன். கஸ் டாலிவர். முந்நூறு பவுண்டு உடம்பு. மாடிப்படியில உருண்டு வந்தான்னா சோபாவுலேருந்து தலகாணி விழுற மாதிரி வருவான், ஒரு படியிலகூட எசகுபிசகா படாது. பொறாமைக்காரன். கூட நடிக்கிறவனுக்கு ஒரு சிரிப்பு கூடுதலா விழுந்துட்டா, ஷாட் நடக்குறப்பவே என் தொடையைக் கிள்ளுவான், ரத்தம் கட்டிக்கும். ஆனா நான் கண்ணைக் காட்டாம அந்த மனுசன் கை ஓங்கினதில்ல.

... ஆமா, நோரா வெக்ஸ்லரைத் தெரியும். பதினோரு படத்துல அதே சிணுங்கல், அதே நடை, ஒரே பொம்பளை வேசம். ஒத்துக்கிறேன். ஆனா அவ அறைஞ்சா தெருமுனைக்குக் கேக்கும், கன்னத்துல நகம்கூட பட்டிருக்காது. டேக் முடிஞ்சதும் வந்து கன்னத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போவா.

பெர்சி மக்லின்... சிரிக்காதீங்க. சோம்பேறிதான். வசனத்தைக் காபிக் கப்புக்குள்ள எழுதி வெச்சுக்குவான். நாற்காலி மேல ஏறச் சொன்னா கால் உதறும். ஆனா அந்த மூஞ்சி... வீடே இடிஞ்சு விழும், ஒரு தசை அசையாது, தியேட்டர்ல அவனவன் கீழ விழுந்து சிரிப்பான். அந்தப் பயந்தாங்கொள்ளி ஒருநாள் என் மூக்கை உடைச்சுட்டான். தடம் மாறி நின்னுட்டான். உடனே மைக்கை வாங்கி யூனிட் முழுக்கக் கேக்க, தப்பு என்னுதுன்னு சொன்னான் ஹெர்ப். அவனுக்கும் வக்கீல் இருந்தாரு.

... இவனா? பெர்சியைப் பாராட்டினதும் நிமிந்து பாத்தான், அவ்வளவுதான். இந்த நேரத்துலயும் அவனுக்கு அது பொறுக்கல.

யாரு அது? ஹெர்ப், யாரோ கதவைத் தட்டுறாங்க. உன் ஆளுங்களா?... உன் ஆளுங்களான்னு கேக்குறேன்... யோவ், அவங்களைப் படியிலேருந்து எறங்கச் சொல்லு. என் மடியில ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணு சர்க்கரை, ஒண்ணு காலையில கிளைட்டை அடிச்சது. அதுல முடிகூட ஒட்டிக்கிட்டு இருக்கு. கதவு ஒடைஞ்சா உன் போஸ்டருக்கு வேற மூஞ்சி தேடிக்கோ... ம்... இன்னும் கொஞ்சம் தள்ளி... சரி. இப்ப போயிட்டாங்க.

... கெஞ்சாத. இவன் எவ்வளவு பெரிய ஆளுன்னு நீ எனக்குச் சொல்ல வேணாம். நான் சொன்ன எல்லாரையும் ஒண்ணாக் கட்டினாலும் இவன் முன்னாடி நிக்க முடியாது. ஒரு ஷூவை மாட்டுறதை வெச்சே நாலு நிமிசம் ஓட்டினவன். எங்கப்பா கடைசியில வலி தாங்காம கிடந்தப்ப, மாத்திரை வேணாம், பாபி படத்தைப் போடுன்னாரு. சிரிச்சாரு. அதுக்காகவே இவனுக்கு நாய் மாதிரி உழைச்சேன். கிளைட் இருவது வருசம் இவனுக்கு டூப். ஜன்னலை ஒடைச்சுக்கிட்டு விழுறது கிளைட், எந்திரிச்சு தொப்பியைத் தட்டி சிரிப்பை வாங்குறது பாபி. கிளைட் ஒரு நாள் மூஞ்சி சுளிச்சிருப்பானா? விலா ஒடைஞ்சப்ப பாபியே சூப் வெச்சு எடுத்துக்கிட்டு வந்தான். அதையும் மறைக்கல.

... குறையா? அழ வராது. உனக்கே தெரியும். அந்த அம்மா செத்த காட்சிக்குப் பன்னெண்டு டேக், கண்ணுல சொட்டு மருந்து விட்டு விட்டு கண்ணே சிவந்துபோச்சு. அது பரவால்ல. இன்னொண்ணுதான் நோய். இவனுக்கு அமைதி ஆகாது. கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற லைட்மேன் சிரிக்கலைன்னா இவனுக்கு மூச்சு முட்டும்.

இன்னிக்கு ஆறு டேக், ஒருத்தனும் சிரிக்கல. சர்க்கரைப் பாட்டில் ஒடையிற சத்தம் எல்லாருக்கும் பழகிப்போச்சு. ஆறாவதுக்கப்புறம் இவன் லைட்மேனுங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பாத்தான். நான் பாத்தேன் இவன் பாக்குறதை. அப்பவே நிறுத்தியிருக்கணும்.

ஏழாவதுல ணங்குன்னு ஒரு சத்தம். கிளைட் அப்படியே கால் மடிஞ்சு விழுந்தான், வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. யூனிட் மொத்தமும். புதுசா ஏதோ பண்றாங்கன்னு நெனச்சாங்க...

நானும் சிரிச்சேன் ஹெர்ப்.

... இல்ல, சொல்ல விடு. ரெண்டு செகண்டு சிரிச்சேன். என் தங்கச்சி புருசன் தரையில கிடக்கான், நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறேன். அந்த நேரம் இவன் மூஞ்சியைப் பாத்தேன். சாமி வந்தவன் மாதிரி நின்னான். அந்த மூஞ்சியை எந்தத் தாள்ல எழுதுவாரு உன் வக்கீல்?

... என்ன? தெரியாம எடுத்துட்டானா? ரெண்டும் ஒரே லேபிளா?... இரு, இவனும் அதையேதான் சொல்றான். 'ஒரே மாதிரி இருந்துச்சு ராய், பாக்க வித்தியாசமே தெரியல.' கேட்டுச்சா? சொல்லிக்குடுத்த மாதிரி ரெண்டு பேரும் ஒரே வசனம்.

சரி. ஸ்பீக்கர்ல போடுறேன். நீ வாயை மூடிக்கிட்டுக் கேளு.

பாபி, நாற்காலியைத் திருப்பு. இங்க பாரு, ரெண்டு பாட்டில். ரெண்டுமே காலி. மேசை மேல வெக்கிறேன். கண்ணை மூடு... முழுசா மூடு. இதுல ஒண்ணால உன் மண்டையில அடிக்கப் போறேன். சத்தியமா அடிப்பேன். எதால அடிக்கணும்னு நீயே எடுத்துக் குடு. தொட்டுப் பாத்து எடு. கண்ணைத் திறந்தா நிஜப் பாட்டில்தான்... ஹெர்ப், நீ பேசாதன்னு சொன்னேன்.

எடுடா.

... ம்.

பாத்தியா ஹெர்ப்? பாத்திருக்க மாட்ட, நான் சொல்றேன். முதல்ல நிஜப் பாட்டில்தான் கையில மாட்டுச்சு. ஒரு இஞ்ச் தூக்கினான், பாம்பைத் தொட்ட மாதிரி விட்டுட்டான். அடுத்ததைத் தூக்கினான், நேரா என் கையில குடுத்துட்டான். சர்க்கரை. ஒரு செகண்டு யோசிக்கல. கண்ணு இறுக்கமா மூடியிருக்கு.

காலையில கண்ணு திறந்துதானே இருந்துச்சு? கையும் இதே கைதானே? எடை தெரியலையா இவனுக்கு?

அப்ப அந்தத் தாளைக் கிழிச்சுடவா?... சத்தமா சொல்லு, இவனுக்கும் கேக்கட்டும்... சரி, கிழிச்சாச்சு.

இரு... பாபி பேனா கேக்குறான். நான் கேக்கல ஹெர்ப், அவனேதான் கேக்குறான்... எழுதுறான்... மேக்கப் துடைக்கிற தாள்லயா எழுதுவ, பின்னாடி வசனத் தாள் இருக்கு பாரு... ம்... வாசிக்கிறேன். 'கிளைட் சரியாகத்தான் வைத்தார். அவர் சைகை கொடுக்கவில்லை. கனமான பாட்டில் என்று தெரிந்துதான் எடுத்தேன்.' கையெழுத்து போட்டிருக்கான். பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வரைஞ்சிருக்கான், ரசிகருங்களுக்குப் போட்டுப் போட்டுப் பழக்கம்... ஆமா, கோடு போட்டு அடிச்சுட்டான். அந்த மூஞ்சியை அவனே அடிச்சுட்டான்.

போட்டோ எடுத்து ஜோனுக்கு அனுப்பிட்டேன். எங்க சங்கத்துக்கும் அனுப்பிட்டேன், ஸ்பீக்கரையும் அணைச்சுட்டேன். இனி உன் வக்கீல் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது.

... வெளிய வரேன், வரேன்... என்ன பாபி?... இரு ஹெர்ப். இவன் என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்... பாபி, வேணாம். எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு. எந்திரி...

ஹெர்ப். மெதுவா ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தான்.

... இல்ல, உனக்குப் புரியல. அடி வாங்குறவன் சைகை குடுத்துட்டான்... பதறாத. அவன் எடுத்துக் குடுத்ததுதான் என் கையில இருக்கு. போனைக் கீழ வெக்கிறேன்.

...

ஹலோ... கேட்டுச்சா?... சர்க்கரைதான், சர்க்கரைதான். ஒரு கீறல் இல்ல. நாற்காலியோட சாஞ்சு, கால் ரெண்டும் மேல போயி, தொப்பி உருண்டு வாசலுக்கு வந்துச்சு. என் வாழ்க்கையில இப்படி ஒரு விழுகை நான் பாத்ததில்ல. எவனும் சொல்லிக்குடுக்க முடியாது...

இரு, தரையில கிடந்துக்கிட்டு ஏதோ கேக்குறான்... என்ன பாபி?

... ஹெர்ப், என்ன கேக்குறான் தெரியுமா? 'ஹெர்ப் சிரிச்சாரா?'ன்னு கேக்குறான்.

... நீ சிரிச்சியா?... ம். நானும் சிரிக்கல.

இல்லடா பாபி. யாரும் சிரிக்கல.

... என்ன சத்தமா? அவன்தான். அழுறான்... ஆமா, நிஜமாத்தான். சொட்டு மருந்து அலமாரியில இருக்கு, மூடிகூட திறக்கல. நல்லா வருது.

நான் வெக்கிறேன். கிளைட்டுக்கு வலது காது கேக்குதாம், போயி இதைச் சொல்லணும்.