பொலித்தீன் பிடித்துக்கொண்ட அன்று

ரஜீவ்: இன்னும் பலமா இழு, ரொஷானி!

ரொஷானி: இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்... வரமாட்டேங்குது ரஜீவ்! அலுமினியத் தாள் கிழியுது, பொலித்தீன் விடமாட்டேங்குது!

ரஜீவ்: பொய் சொல்லாத. கொண்டா இங்க... அடேயப்பா!

ரொஷானி: வெறும் பொலித்தீன் ஒட்டவே ஒட்டாது, வழுக்கிக்கிட்டு வந்துரும். இப்ப அதோட மூலக்கூறுச் சங்கிலியில மலெயிக்ங்கிற ரசாயனத்த ஒட்டுக் கட்டியாச்சு, மாங்கன்னுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. அதுதான் அலுமினியத்தக் கவ்விக்கிது.

ரஜீவ்: போதும் மிஸ், பாடம் எடுக்காதீங்க! இனி ரத்தோட்டை ஊரு மிளகும் ஏலக்காயும் இந்தத் தாள்ல செஞ்ச நம்ம பக்கட்டுலதான் கப்பலேறப் போகுது. முதலாளிக்குக் கோல் எடு.

ரொஷானி: இருங்க... தொண்டையெல்லாம் கமறுது...

ரஜீவ்: மாஸ்க் எங்க?

ரொஷானி: மூச்சு முட்டுதுன்னு கழட்டிட்டேன். என்ன இப்ப? பொலித்தீன் உருக்குற மிஷினோட பம்ப்பு புகைய எல்லாம் வெளிய இழுத்துருதே.

ரஜீவ்: இப்பவே மாஸ்க்கப் போடு!

ரொஷானி: ஏன் அப்பிடி முழிக்கிறீங்க?

ரஜீவ்: ரொஷானி... அந்தப் பம்ப்பு ஓடல.

ரொஷானி: என்னது? சத்தம் கேக்குதே!

ரஜீவ்: அது தண்ணி பம்ப்பு. மத்தத நான்தான் நிப்பாட்டினேன்.

ரொஷானி: நிப்பாட்...

ரஜீவ்: மலெயிக் பொலித்தீனோட சேருறதுக்கு முன்னாடியே அந்தப் பம்ப்பு அத வெளிய இழுத்துருது. அதான் ஒட்டவே இல்ல. நிப்பாட்டினதும்...

ரொஷானி: எப்ப இருந்து?

ரஜீவ்: திங்கள்ல இருந்து, இந்தக் கிழமை பூரா.

ரொஷானி: யேசுவே! இந்தக் கிழமை பூரா நான் இந்த மிஷின் பக்கத்துலதானே நின்னேன்!

ரஜீவ்: நீ ஆய்வுகூடத்துலயே இருப்பேன்னு நெனச்சேன்டி. நீயா வந்து நின்னுக்கிட்ட... அப்புறம் சொல்ல வாய் வரல.

ரொஷானி: எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!

ரஜீவ்: கேட்டா வேலைய நிப்பாட்டச் சொல்லியிருப்ப.

ரொஷானி: சொல்லியிருப்பேன்தான்!

ரஜீவ்: சரி... திட்டு. ஆனா முதல்ல வெளிய வா. ஏன் உக்காந்துட்ட? ரொஷானி?

ரொஷானி: ஆட்டோ பிடிங்க. மாத்தள ஆஸ்பத்திரிக்கு.

ரஜீவ்: பயப்படாதடி, தொண்டைக் கமறல்தானே, டொக்டர் மருந்து குடுத்தா...

ரொஷானி: தொண்டைக்கு இல்ல ரஜீவ். நான் முழுகாம இருக்கேன்... சொன்னா என்னைய இந்த வேலைத்தள வாசப்படி மிதிக்க விடமாட்டீங்கன்னுதான் மறைச்சேன்.