சடை பின்ன வரல

போடியிலிருந்து ராசிங்காபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் பெரியவருக்கு மனைவியின் தம்பி என்பது பேச்சில் தெரிந்தது. பெரியவர் திடீரென்று சொன்னார்:

"எனக்குச் சடை பின்ன வரல, மாப்ளே."

இளையவர் புரியாமல் பார்த்தார்.

"உங்கக்காவுக்குத்தான். எச்.ஐ.வி. முத்திப்போயி, சாகுறதுக்கு முந்தி படுத்த படுக்கையாக் கெடந்தாள்ல. கஞ்சி ஊத்துனேன், பீ மூத்திரம் அள்ளுனேன், அதெல்லாம் வந்துச்சு. சடை மட்டும் வரல. சிக்கு விழுந்து தலைய அசைக்க முடியல அவளால. தெருப் பொம்பளைங்க வாசலோட நின்னு விசாரிச்சுட்டுப் போயிட்டாங்க. கடைசில நானே கத்திரிய எடுத்து ஒட்ட வெட்டிவிட்டேன்."

"அழுதுச்சா?"

"அழல. வெட்டுன முடியக் கையில வாங்கிப் பாத்துட்டு, கொண்டுபோய்ப் போட்ருங்கன்னா."

பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இளையவரின் குரல் தாழ்ந்திருந்தது.

"என் வீட்டுக்காரி வர்றேன்னுதான் சொன்னா, மச்சான். தொட்டா ஒட்டாதுன்னு நர்சம்மாவே சொல்லிட்டாங்கன்னு எங்கூடச் சண்ட போட்டா. நான்தான், பிள்ளைகள வச்சிருக்கோம், போகாதன்னு தடுத்துட்டேன்."

"தெரியும்."

"அக்காவுக்கு?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி பொண்டாட்டி வருவாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நீங்க குடும்பத்தோட மேல ஏலக்காத் தோட்டத்துக்குப் போயிருக்கீக, மழையில ரோடு அடைச்சுக் கெடக்குன்னு சொல்லி வச்சேன். அதுக்கப்புறம் கண்ண மூடுற வரைக்கும், மழை விட்டுருச்சான்னுதான் கேட்டா."