தூதன் கழுவிய கால்

சாயங்கால லோக்கல். கும்மிடிப்பூண்டியில் ஏறிய இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி கார்டோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"நான் தூதனாம்க்கா."

"இன்னாடி சொல்ற?"

"எதிர்வூட்டு அம்மாவுக்கு கால்ல சக்கரைப் புண்ணு. மூணு மாசமா நான்தான் தெனமும் கழுவி கட்டு போடுறேன். ஞாயித்துக்கெழம சபையில எழுந்து சாட்சி சொன்னாங்க. ஆண்டவர் ஒரு தூதனை அனுப்பி புண்ணைக் கழுவினாராம். நான் பின்னாடிதான் குந்திக்கினு இருந்தேன்."

"உன் பேரை சொல்லலியா?"

"பாஸ்டருக்கு ஸ்தோத்திரம், ஜெபம் பண்ணவங்களுக்கு ஸ்தோத்திரம், அவ்ளோதான். எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. நானும்தான் சொன்னேன்."

"ஊழியம்னா அப்டித்தாண்டி. கர்த்தர் பாத்துக்கினுதான் இருக்காரு."

"பாக்கட்டும். முந்தாநேத்து கட்டு இறுக்கமா இருக்குதுன்னு திட்டினப்போ மட்டும் என் பேரு கரெக்டா வாயில வந்துச்சு."

கவரைப்பேட்டை வந்ததும் இளையவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நேரா ஊட்டுக்கா?"

"மெடிக்கலுக்குக்கா. பஞ்சு தீந்துபோச்சு. தூதனா வாங்கியாரப் போறான்?"