கை தூக்கிய முத்துமாரியும் காலியாக இருந்த மிஷினும்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, "சம்பூர்ணம் மட்டும் பத்து நிமிடத்தில் முடிக்கவும்" என்று எனக்குத் தனியாகச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கும் பாலாறு மகளிர் கால்பந்துக் கழகத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஷஹீன் பானு அம்மா அவர்களே! மேடைக்கு மெருகூட்ட வந்திருக்கும் எங்கள் ஷூ தொழிற்சாலையின் பொது மேலாளர் ஜெயப்பிரகாஷ் சார் அவர்களே! வாலாஜாபேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, பயிற்சி தந்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, இன்று பேசவும் குரல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் டேனியல் அவர்களே! களம் கண்ட கால்களுக்குச் சொந்தக்காரிகளே, எங்கள் வீராங்கனைகளே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருந்தாலும் சலிக்காமல் நிற்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும், ஸ்டிச்சிங் செக்‌ஷன் நான்காம் லைன் சூப்பர்வைசர் சம்பூர்ணம் கைகூப்பிச் சொல்கிறேன், வணக்கம்.

பத்து நிமிடம் என்கிறார் தலைவர். அம்மா, நான் இருபத்தாறு வருடம் நேரத்தோடு மல்லுக்கு நின்றவள். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி என்று கணக்குக் கேட்டே வளர்ந்த வாய் இது. சொன்ன நேரத்தில் முடிப்பேன். கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, எட்டு அணிகள் ஆடும் தேசிய மகளிர் லீக். மணிப்பூர் என்ன, ஒடிசா என்ன, கோவா என்ன, கேரளம் என்ன! பிறந்த குழந்தைக்குப் பந்தைக் காட்டிப் பால் கொடுக்கும் ஊர்கள் எல்லாம் அணி அனுப்பும் லீக். அந்த லீக்கில் ஆம்பூருக்கு என்ன வேலை? தோல் பதனிடும் ஊருக்கு, ஷூ தைக்கும் ஊருக்கு, அடுத்தவர் காலுக்கு அளவெடுக்கும் ஊருக்கு, களத்தில் என்ன வேலை? இப்படித்தானே கேட்டார்கள்? டீக்கடையில் கேட்டார்கள், டிவியில் கேட்டார்கள், திருப்பத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் என்னிடமே கேட்டார். நாம் தைத்த ஷூவை உலகமே போட்டுக்கொண்டு ஓடுகிறது, நம் பெண் ஒருத்தி ஓடினால் மட்டும் உனக்கு எங்கே வலிக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் வாணியம்பாடியிலேயே இறங்கிவிட்டார்.

(கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.)

எட்டு அணிக்கும் பதினான்கு பதினான்கு ஆட்டங்கள். முடிவில் கடைசி இரண்டு அணிகள் லீக்கை விட்டு இறங்கவேண்டும். இறங்கினால் நம் கழகத்தை மூடுவது என்று தொடக்கத்திலேயே நிர்வாகக் குழு முடிவெடுத்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை, தலைவர் அம்மாவே பத்திரிகைக்குச் சொன்னதுதான். ஆக, அணி தங்கினால் ஆட்டம் உண்டு. அணி இறங்கினால் இந்த இருபத்துமூன்று பெண்களும் வந்த வழியே போகவேண்டும்.

அந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் பேச வந்தேன். அதோ, இரண்டாவது நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, முத்துமாரி. தடுப்பு ஆட்டக்காரி. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் என் லைனில் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். பதினெட்டாவது மிஷின் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆடி, திங்கட்கிழமை வீங்கின முட்டியோடு வந்து பெடல் மிதித்த பெண். கழகம் கூப்பிட்டதும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு துடிப்பு! எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நம் ஊர் மைதானத்தில் முதல் ஆட்டம். நான் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போயிருந்தேன். எதிரில் மணிப்பூர் அணி. எழுபத்தைந்து நிமிடம் வரை ஒருவருக்கும் கோல் இல்லை. அவர்களுடைய முன்கள ஆட்டக்காரி பந்தை உருட்டிக்கொண்டு நம் கோலுக்கு முன்னால் வந்துவிட்டாள். குறுக்கே முத்துமாரி. தப்பவே முடியாது, காலை நீட்டினால் போதும்.

அந்த நேரம் பார்த்து மணி ஐந்தரை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நம் தொழிற்சாலையின் ஷிப்ட் சங்கு ஊதியது.

முத்துமாரி நின்றாள். காலைப் பின்னால் இழுத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். அடித்த பந்து நேராக அவள் உள்ளங்கையில் போய்ப் பட்டது. நடுவர் விசில் ஊதினார். பெனால்டி. கோல். தோற்றோம்.

பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது, பேய் பிடித்ததா, கும்பிடு போட்டாளா என்று கேட்டார்கள். ஆனால் நம் நான்காம் லைன் பெண்கள் இங்கே இருக்கிறீர்களே, உங்களுக்குப் புரியாதா? சொல்லுங்கள், சங்கு ஊதினால் நம் லைனில் என்ன செய்யவேண்டும்?

கேட்டதா மேலாளர் சார்? பெடலிலிருந்து கால் எடு, இரண்டு கையையும் மேலே தூக்கு. இருநூறு பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தைப் போட்டது யார்? நான். சங்குச் சத்தம் கேட்டதும் வீட்டு நினைப்பில் தலையைத் திருப்பி, ஊசிக்கு விரலைக் கொடுத்த பெண்களைப் பார்த்தவள் நான். ஒரு பிள்ளையின் விரலில் ஊசி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் போட்டேன் சட்டம். எல்லோர் கையும் மேலே தெரிகிறதா என்று நான் எண்ணிப் பார்த்த பிறகுதான் லைன் கலையும். பதினொரு வருடமாக என் லைனில் ஒரு விரலும் போகவில்லை. அந்தப் பழக்கத்தை ஒன்பது வருடம், தினம் தினம், முத்துமாரியின் கைகால்களுக்குள் ஏற்றியவள் நான்தான். ஆகவே அன்பர்களே, அந்தப் பெனால்டி அவளுடையது இல்லை. அது என்னுடையது.

ஆனால் பழி யார் தலையில் விழுந்தது? அவள் கை தூக்கிய வீடியோ குடியாத்தம் தாண்டி, கொல்கத்தா தாண்டி, எங்கெங்கோ போனது. ஆட்டு மந்தை சத்தத்தை அதற்குப் போட்டு விட்டார்கள். கல்யாண வீட்டில் கை தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். அவள் தம்பியே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். பெண் பிள்ளை ஒரு தடவை தடுக்கி விழுந்தால் ஊருக்கு எத்தனை ஆனந்தம், பார்த்தீர்களா?

அடுத்த திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கேட்டில் வந்து நிற்கிறாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"மேடம், என் மிஷின் காலியாதானே இருக்குது? நாளைலேர்ந்து வர்றேன்."

அந்த நொடியில் என் நெஞ்சு பட்ட பாட்டை எந்த வார்த்தையால் சொல்வேன்? அவள் வந்தால் எனக்கு லாபம். கோணாத தையல், குறையாத வேகம், அப்படி ஒரு கை கிடைப்பது கஷ்டம். ஆனால் அன்றைக்கு அவள் திரும்பி வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால், ஆயுசு முழுக்க கை தூக்கிய பெண்ணாகத்தான் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

"ஆள் போட்டாச்சு," என்றேன். "இன்னாத்துக்கு கையெழுத்து போட்டியோ அத போய் பாரு."

திரும்பி நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாலு மாதம் என் முகத்தையே பார்க்கவில்லை.

முத்துமாரி, தலையைத் தூக்கு. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அன்றைக்கு உன் மிஷின் காலியாகத்தான் இருந்தது. நான் சொன்னது பொய்.

(முறைக்காதேம்மா. இன்னும் ஒரு பொய் இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டு முறை.)

அந்த மிஷினில் நான் ஆளே போடவில்லை. ஒருவேளை அணி இறங்கிப்போனால்? கழகம் மூடிவிட்டால்? அப்போது இந்தப் பெண் எங்கே போவாள்? நம்மை நம்பி வந்தவளை விரட்டியது நான்தானே? ஆகவே மெக்கானிக் வேலுவைக் கூப்பிட்டேன். நல்லா ஓடும் மிஷினில் "ரிப்பேர்" என்று அட்டை கட்டச் சொன்னேன். மேலாளர் சார், வாரா வாரம் நீங்கள் கேட்டீர்கள், பதினெட்டாம் மிஷின் என்ன ஆச்சு என்று. நான் மோட்டார் போச்சு என்றேன், பெல்ட் போச்சு என்றேன், சாமான் வரணும் என்றேன். எதுவும் போகவில்லை சார். மன்னித்துவிடுங்கள். சிரிக்கிறார், சரி, மன்னித்துவிட்டார். வேலு, எங்கே ஒளிகிறாய், உன்னையும் சேர்த்துத்தான்.

அங்கே மைதானத்தில் டேனியல் என்ன செய்தார் தெரியுமா? திட்டவில்லை, தள்ளி உட்கார வைக்கவில்லை. நம் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நின்று சங்குச் சத்தத்தைத் தன் போனில் பதிவு செய்தார். பயிற்சி நடக்கும்போது, யாரும் எதிர்பாராத நேரத்தில், மைக் செட்டில் அலறவிட்டார். முதல் வாரம் முத்துமாரியின் கை தானாக மேலே போனது. இரண்டாம் வாரம் பாதியில் நின்றது. ஒரு மாதத்தில் சங்கு அது பாட்டுக்கு ஊதியது, அவள் தன் பாட்டுக்கு ஆடினாள். எதிர் டீக்கடை காசிநாதன்தான் பாவம், ஷிப்ட் விட்டாச்சு என்று நினைத்து தினம் மூன்று தடவை வடை போட்டுப் பேஜாரானார்.

முதல் ஏழு ஆட்டத்தில் ஒரே வெற்றி. அடுத்து மெல்ல மெல்ல, முட்டி மோதி, மூச்சு வாங்கி ஏறினார்கள். வந்தது கடைசி ஆட்டம், நம் மைதானத்தில். எதிரே ஒடிசா, பட்டியலில் முதல் இடம். ஒரு டிரா போதும், தங்கிவிடலாம். தோற்றால் இறங்குகிறோம்.

ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, ஒருவருக்கும் பர்மிஷன் இல்லை. நான் லைனில் நிற்கிறேன், காது மதில் சுவரில் இருக்கிறது. ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. என் லைனில் அத்தனை கையும் மேலே போனது. நான் எண்ணினேன். வேலையில் நான் ஏமாற்றமாட்டேன், கடைசிக் கை வரை எண்ணினேன். எண்ணி முடித்ததும் ஓடினேன் பாருங்கள்! என் பின்னால் இருநூறு பேர். ஏப்ரனைக் கழற்றாமல், செருப்பு அறுந்தது தெரியாமல், ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் டேனியல் என்னையும் அணியில் சேர்த்திருப்பார்.

போய்ப் பார்த்தால் இரு பக்கமும் கோல் இல்லை. சங்கு ஊதியபோது என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். ஒண்ணும் ஆவலியே என்றார். அந்த வார்த்தை எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

கடைசி நிமிடம். நம் கோல்கீப்பர் முன்னேறி வந்து விழுந்துவிட்டாள். கோல் திறந்து கிடக்கிறது. ஒடிசாப் பெண் பந்தை ஓங்கி அடித்தாள். கோட்டின் மேல் ஒருத்தி மட்டும் நிற்கிறாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். முத்துமாரி! பந்து நெஞ்சில் மோதிய சத்தம் கேலரி வரை கேட்டது. மூச்சடைத்து முட்டி போட்டாள், பந்து வெளியே உருண்டது, விசில் ஊதியது. தங்கினோம் அன்பர்களே! ஆறாம் இடத்தில், தலை நிமிர்ந்து தங்கினோம்!

ஆறாம் இடத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஓரத்தில் ஒருவர் கேட்கிறார். ஆமாம் ஐயா, ஆறாம் இடத்துக்குத்தான். அடுத்த வருடம் மூன்றாம் இடம், அதற்கடுத்து முதல் இடம். அப்போதும் இதே மேடைக்கு நான் வருவேன், நீங்களும் வாருங்கள், ஆனால் ஓரத்தில் நிற்காமல் நடுவில் உட்காருங்கள்.

சீட்டு மறுபடியும் வந்துவிட்டது. முடிக்கிறேன். தலைமை தாங்கிய அம்மாவுக்கும், பொய்யைப் பொறுத்த மேலாளருக்கும், மைக் செட் தந்த தம்பிகளுக்கும், கால் கடுக்க நின்று கேட்ட உங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்றே ஒன்று, முத்துமாரி. நேற்று நீ கழகத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேள்விப்பட்டேன். இன்று காலையில் வேலுவைக் கூப்பிட்டு அந்த அட்டையை அவிழ்க்கச் சொன்னேன். நந்தினி என்று ஒரு புதுப் பெண், பத்தொன்பது வயது. அவளைப் பதினெட்டாம் மிஷினில் உட்கார வைத்தேன். பயந்துகொண்டே கேட்டாள், "இது யார் சீட்டு மேடம்? அவங்க திரும்பி வருவாங்களா?"

"வரமாட்டா," என்றேன். "நீ தை."

இந்தத் தடவை நான் சொன்னது பொய் இல்லை. வணக்கம்.