ஏரிக்கரைக் காலனியின் செல்போன்

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கையில், ஏரிக்கரைக் காலனிக்கென்று தாலுகா ஆபீசில் கொடுத்த செல்போன். வெள்ள எச்சரிக்கை அதில்தான் வரும். அது ஒலித்ததும் ஏதோ அழுத்திவிட்டு மடியில் போட்டாள்.

"இன்னாடி வந்துது?"

"டெஸ்ட்டு மெசேஜு அண்ணி. ஏரி ஒடையப் போவுதுன்னு வரும், கடசீல டெஸ்ட்டுன்னு போட்டுருக்கும். ஓக்கே அனுப்பலன்னா போன் போட்டுத் திட்டுவாங்க."

"படிச்சியா?"

"டெய்லி இதே பேஜாரு. மொத தபா நம்பி, எல்லாரையும் ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனேன். இன்னிக்கும் என்னைய 'வெள்ளம்'னுதான் கூப்புட்றானுங்க."

"புள்ளைங்க வூட்ல தனியா கீதுங்க. படிச்சிடு."

அவள் உதடு அசைய, கடைசி வரி வரை படித்தாள். மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

"டெஸ்ட்டுன்னு இல்ல அண்ணி."

அண்ணி எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிட்டாள். படியில் நின்று கேட்டாள்:

"நீ இப்ப அனுப்புன ஓக்கேவப் பாத்து, ஆபீசுல இன்னான்னு நெனப்பாங்க?"

"காலனிய காலி பண்ணியாச்சுன்னு."