ஏழாம் வண்டிக்கு மூன்றாவது ஆள்

ஓடுகிறவனை நடுவழியில் நிறுத்தி அவன் கையில் குப்பைப் பையைத் திணிக்கும் துணிவு படைத்தவரும், மோரோ தோ சபியா குன்றின் குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும், இந்த அவையின் தலைவியுமான தோனா ஜுல்மிரா அவர்களே. முழங்கால் வலியோடு மேட்டுத்தெருவிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெரியவர்களே. ரப்பர்ச் செருப்போடு மலையிறங்கி ஓடி, மேயரையே மூக்கைப் பொத்த வைத்த தாய்மார்களே. பேச்சைக் கேட்க வந்தது போல் அமர்ந்து காபிக் குடுவையைக் காவல் காக்கும் கடைசி வரிசைக் கனவான்களே. உங்கள் அனைவருக்கும் ஏழாம் எண் குப்பை வண்டியின் பின்படியில் தொங்கும் ஜெனிவால்டோவின் வணக்கம்.

எனக்குப் பாராட்டு விழா என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டாவதாக வந்தவனுக்கு எந்த ஊரில் பாராட்டு விழா எடுப்பார்கள்? தோற்றவனுக்கு மாலை போடும் ஊர் எது? நாய் கடித்தவனுக்கு நாற்காலி கொடுக்கும் ஊர் எது? நம் ஊர்தான். ஆகவே வெட்கத்தோடு ஏற்றுக்கொள்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். யார் அங்கே, சுருக்கமாகச் சொல் என்பது? ஐயா, காபி ஆறாது. நானே கொஞ்சம் முன்னால் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் வண்டியில் மூன்று பேர் பின்னால் ஓடினோம். நான், ஆதாவுத்தோ, ஓஸ்மார். ஓட்டுபவர் தியாவோ அண்ணன். ஒரு வேளைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு முன் நிறுவனத்தின் மேலாளர் டாக்டர் ரெனான் ஓஸ்மாரை எடுத்துவிட்டார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்லர், நாடி பார்க்கிறவர் அல்லர். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நமக்கு மேலே உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் அவர் டாக்டர். தெரு குறைந்ததா? இல்லை. குப்பை குறைந்ததா? இல்லை. குன்று குனிந்து கொடுத்ததா? அதுவும் இல்லை. ஆள் மட்டும் குறைந்தார்.

போன வாரம் திங்கட்கிழமை காலை நான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"டாக்டர், ரெண்டு பேரால முடியல. ஓஸ்மாரத் திருப்பிக் குடுங்க."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது பேசும் கடிகாரம். அவருடைய இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று அதுதான் அவருக்குச் சொல்லும். தானாக அவருக்குத் தெரிய வழியில்லை.

"ஓடத் தெரியாதவன்தான் கூட ஆள் கேப்பான். நான் தினமும் காலைல எட்டுக் கிலோமீட்டர் ஓடுறேன். ஆள் கேட்டனா?"

"நீங்க ஓடும்போது கைல மூட்டை இருக்குமா டாக்டர்?"

"வாய் மட்டும் ஓடுது உனக்கு. சரி, ஞாயித்துக்கிழமை ஊர் ஓட்டம் இருக்குல்ல? எனக்கு முன்னால வந்து காட்டு. மூணாவது ஆளத் தரேன்."

சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். பந்தயத்துக்குக் கை கொடுத்துவிட்டோம். ஒரு மனிதனுடைய வேலை, என் இரண்டு கால்களில் வந்து தொங்கியது. அந்தக் கால்களில் இருந்த காலணிகளைக் கேளுங்கள்: வலது மேட்டுத்தெருக் குப்பையில் கிடைத்தது, அளவு நாற்பத்திரண்டு. இடது பள்ளத்தெருக் குப்பையில் கிடைத்தது, நாற்பது. ஒன்று மிதக்கும், ஒன்று கடிக்கும்.

செவ்வாய்க்கிழமை தியாவோ அண்ணன் பயிற்சியாளர் ஆனார். "இன்னைக்கு உனக்காகக் கொஞ்சம் வேகமா ஓட்டுறேன் தம்பி" என்றார். ஓட்டினார். வானொலியில் கால்பந்து. எதிரணி இரண்டு கோல் போட்ட ஆத்திரத்தில் என்னை மறந்துவிட்டு நான்கு கிலோமீட்டர் போய்விட்டார். இரண்டு கையிலும் இரண்டிரண்டு பையோடு நான் பின்னால் ஓடினேன். வண்டியைப் பிடித்தபோது கேட்டார்: "எங்கடா போயிட்ட?"

புதன்கிழமை நாய். நம் மூன்றாம் சந்தின் பழுப்பு நாயை அறியாதவர் யார்? அது பல வருடமாக ஓஸ்மாரைத்தான் துரத்தும். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அன்று ஓஸ்மாரைத் தேடியது, காணவில்லை, அவன் பங்கையும் சேர்த்து என் கெண்டைக்காலில் இறக்கியது. ஆள் குறைப்பு உத்தரவின் நகலை யாரும் நாய்க்கு அனுப்பவில்லை. ஓஸ்மார், சிரிக்காதே. உன் கடி அது.

வியாழக்கிழமை மருத்துவ நிலையத்தில் செவிலி அக்கா கட்டுப் போட்டார்.

"நாலு நாள் ஓடக் கூடாது."

"அக்கா, ஓடுறதுதான் வேலையே."

"அப்ப வேலைக்குப் போகாத."

"போகலன்னா எச்சரிக்கைக் கடிதம் குடுப்பாங்க."

"அந்தக் கடிதத்தக் கால்ல கட்டு, புண்ணு ஆறுதான்னு பாப்போம்."

வெள்ளிக்கிழமை நான் நொண்டினேன். ஆதாவுத்தோ ஒருவன் எத்தனை பையைத் தூக்குவான்? மேட்டுத்தெருக் குப்பை முழுவதும் எடுக்கப்படாமல் கிடந்தது. சனிக்கிழமை வெயில். அந்த வாசனையை இந்த அவைக்கு நான் வர்ணிக்க வேண்டுமா? வேண்டாம். சிலர் வீட்டில் மீன் வேறு.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் சதுக்கம், கொடிகள், வாத்தியம், மேயர். நிறுவனம் தன் செலவில் ஒரு பச்சைச் சட்டை அடித்திருந்தது. முதுகில் "உங்கள் குப்பை, எங்கள் பொறுப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் சட்டையிலும் அதுதான், டாக்டரின் சட்டையிலும் அதுதான். அவருடையது கொஞ்சம் பெரிய எழுத்து.

ஓடினோம். கட்டு உறுத்தியது, ஓடினேன். இடது கால் கடித்தது, ஓடினேன். ஏழாம் கிலோமீட்டரில், நம் மேட்டுத்தெருவில், அவருக்கும் எனக்கும் தோள் இடைவெளி. நான் மூச்சு வாங்கவில்லை, அவர் கடிகாரமே மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டே எட்டு. ஓஸ்மாரின் வேலை இரண்டே எட்டில் இருந்தது.

அப்போதுதான் நம் தலைவி கதவைத் திறந்தார்.

"நில்லுடா ஜெனி. வெள்ளிக்கிழம எங்கடா போயிருந்த?"

அம்மா, அது போட்டி. மார்பில் எண் குத்தியிருந்தது. வாத்தியம் கேட்டது. ஆனால் தாய்மார்களே, பன்னிரண்டு வருடமாகப் பையைக் கண்டால் நீளும் கை இது. மூளை வேண்டாம் என்றது, கை வாங்கிவிட்டது. ஒன்று வாங்கியதும் ஒன்பது கதவு திறந்தது. மூச்சு விடுவதற்குள் என்னிடம் ஐந்து பை. டாக்டர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். போய்விட்டார்.

தெருவில் போட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று ஆதாவுத்தோ பிறகு கேட்டான். குப்பை எடுக்கிறவன் குப்பை போடுவதா? அந்த ஈனத்தை நான் செய்ய மாட்டேன். நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்.

"அம்மா, கைல எடமில்ல. அந்தாப் போறாரே பச்சைச் சட்டை, அவருதான் வண்டிக்கெல்லாம் பெரியவரு. முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க."

படித்தார்கள். அம்மாடி, என்ன படிப்பு அது. முப்பது தாய்மார்கள், முப்பது மூட்டைகள், சரிவில் சரசரவென்று செருப்புகள். "யோவ் பொறுப்பு, நில்லுய்யா" என்று ஒரு குரல். "ரெண்டு நாளா நாறுது, எங்க ஓடுற?" என்று ஒரு குரல். மீன்தண்ணீர் ஒழுகும் பையொன்று அவர் தோளை உரசியது. அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அது காலால் ஓடிய ஓட்டமல்ல, கதறலால் ஓடிய ஓட்டம். தன் வாழ்நாளின் சிறந்த நேரத்தில் மூன்றாவதாக வந்தார். நான் ஐந்து பையோடு பன்னிரண்டாவது.

பந்தயத்தில் தோற்றேன். மறைக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் நான் ஓஸ்மாரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அங்கேதான் மைத்துனரின் கரும்புச்சாறு வண்டியில் நின்றான்.

ஆனால் நீங்கள் நிற்கவில்லையே தாய்மார்களே. நேராக மேடை ஏறினீர்கள். மேயர் காலடியில், பூச்சாடிகளுக்கு நடுவில், முப்பது மூட்டையையும் இறக்கினீர்கள். நானும் என் ஐந்தைச் சேர்த்தேன். மேயர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "இது யாரோடது?" என்றார். முப்பது விரல்கள் டாக்டரைக் காட்டின.

டாக்டர் என்னிடம், "எடுத்துப் போடு சீக்கிரம்" என்றார்.

"இன்னைக்கு எனக்கு லீவு டாக்டர். செவிலி அக்கா வேற ஓடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

ஆதாவுத்தோ ஊரில் இல்லை. தியாவோ அண்ணன் வாயில் சீஸ் உருண்டையோடு, "நான் ஓட்டுறவன் டாக்டர். பின்னால ரெண்டு பேரு போதும்னு நீங்கதான சொன்னீங்க? அந்த ரெண்டு பேரக் கூப்புடுங்க" என்றார்.

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். கரும்பு வண்டியைப் பார்த்தார்.

"ஓஸ்மார், கொஞ்சம் வாப்பா."

"சாறு வேணுமா டாக்டர்? எலுமிச்ச போட்டா, போடாமயா?"

"சாறு இல்ல. இந்த மூட்டைங்கள..."

"ஐயோ, எனக்கு அங்க வேலையே இல்லையே. அடுத்தவங்க வேலைல கை வைக்கலாமா?"

ஊரே பார்த்தது. வெயில் ஏறியது. மீன் தன் கடமையைச் செய்தது. மேயர், "எதாவது பண்ணித் தொலைங்க" என்றார். டாக்டர் தன் மார்பிலிருந்த எண் தாளைக் கழற்றினார். அதன் பின்புறத்தில், திங்கள் முதல் ஓஸ்மார் ஏழாம் வண்டியில் வேலைக்கு வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து மேயர். நம் தலைவி அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, தேதி போடச் சொன்னார். அதன் பிறகே ஓஸ்மார் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு மூட்டையில் கை வைத்தான்.

இப்போது சொல்லுங்கள். யார் ஜெயித்தது? என் காலா? அது நாயிடமே தோற்றது. என் வேகமா? அது ஐந்து பைக்குத் தாங்கவில்லை. ஆசைக்கு ஓடுகிறவனுக்குப் பதக்கம் தருகிறார்கள், சோற்றுக்கு ஓடுகிறவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் தருகிறார்கள். அவர் எட்டுக் கிலோமீட்டர் ஓடினால் உடற்பயிற்சி. நான் இருபத்திரண்டு ஓடினால் சோம்பேறி. இந்தக் கணக்கை எந்தக் கால் ஓடித் தீர்க்கும்? தனி ஒருவன் காலால் தீராது என்பதைத்தான் அந்தப் பன்னிரண்டாம் இடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இந்த ஊரில் பன்னிரண்டு குப்பை வண்டிகள். ஏழாம் வண்டிக்கு ஆள் வந்தாயிற்று. மற்றப் பதினோரு வண்டிகளின் பின்னாலும் இன்றும் இரண்டே பேர் ஓடுகிறார்கள். அவர்களுக்கும் கால் இருக்கிறது, அவர்களுடைய தெருவிலும் நாய் இருக்கிறது. அடுத்த ஊர் ஓட்டம் வர ஒரு வருடம் ஆகும். நகரமன்றம் கூடுவதற்கு ஒரு நாள்தான் இருக்கிறது. நாளை வியாழன், காலை பத்து மணி.

ஆளுக்கொரு பை போதும். இறுக்கிக் கட்டாதீர்கள். படிக்கட்டு நாற்பது, மன்ற அறை மாடியில், சன்னல்கள் சிறியவை. ஓட வேண்டாம் தாய்மார்களே. யாரையும் துரத்தவும் வேண்டாம். பொறுமையாக, பேசிக்கொண்டே, நடந்து வாருங்கள்.

தோற்றவனை மேடையேற்றிய தலைவிக்கும், பொறுத்துக் கேட்ட பெரியவர்களுக்கும், குடுவையைக் காத்த கனவான்களுக்கும் நன்றி சொல்லி, காலை நீட்ட அனுமதி கேட்டு, அமர்கிறேன். வணக்கம்.