பதிவில் இல்லை

ரோண்டா: முதல்ல கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு. நீ கத்தினா லிஃப்ட் வரைக்கும் கேக்கும்.

அராசெலி: நான் இன்னும் கத்தவே இல்லையே.

ரோண்டா: கத்தப் போறே. கேள்வி ஏழுன்னா உன் மூஞ்சி ஏற்கெனவே அப்படித்தான் ஆகுது. சரி... ஃபைல் நாப்பத்தொண்ணு. "ரத்தம் போனதாகச் சொன்னாரா?" நீ என்ன போட்டிருக்கே?

அராசெலி: ஆமா.

ரோண்டா: நான் இல்லைன்னு போட்டிருக்கேன்.

அராசெலி: தெரியும். அதனாலதானே ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டு அடைச்சிருக்காங்க.

ரோண்டா: அறுபத்திமூணு ஃபைலை ஆளுக்கு ஒருதரம் தனித்தனியாப் படிச்சோம். ஒன்பதுலதான் முட்டிக்கிட்டோம். எட்டைக் காலையிலேயே முடிச்சாச்சு. இது ஒண்ணு பாக்கி. முடிச்சுட்டு நீ போய் ஏதாவது சாப்பிடு, கண்ணு.

அராசெலி: கண்ணுன்னு கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

ரோண்டா: முப்பது வருஷம் நர்ஸா இருந்த வாய். அதுவா வருது.

அராசெலி: நாப்பத்தொண்ணாம் ஃபைல்காரங்களையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க. தண்ணி நிறையக் குடி கண்ணு, எல்லாம் சரியாயிடும் கண்ணு...

ரோண்டா: நாம இங்க யாரையும் குத்தம் சொல்ல உட்காரலை. கர்ப்பமா இருக்கும்போது பெருங்குடல்ல புத்துநோய் வந்தவங்க... முதல் அறிகுறி எந்த வாரம், கண்டுபிடிச்சது எந்த வாரம், நடுவுல எவ்வளவு நாள் போச்சு. அவ்வளவுதான் நம்ம வேலை.

அராசெலி: அந்த நடுவுலதான் செத்துப்போறாங்க, ரோண்டா.

ரோண்டா: ...சீட்டைப் படி.

அராசெலி: உங்க முன்னாடியே இருக்கே.

ரோண்டா: விதி. சத்தமாப் படிக்கணும்.

அராசெலி: "வயசு முப்பத்திநாலு. மூணாவது கர்ப்பம். பதினாலாவது வாரம். வேலை, ஆப்பிள் ஷெட்டில் தரம் பிரிப்பு. போன்ல கேட்டது. மூணு வாரமா மலச்சிக்கல். தண்ணி, தவிடு, நடை. தேவைப்பட்டா மூலத்துக்குக் களிம்பு. குடும்பத்து ஆள் மொழிபெயர்த்தாங்க." தண்ணிக்குக் கீழ ரெண்டு கோடு.

ரோண்டா: ரத்தம்னு எங்கயாவது இருக்கா?

அராசெலி: மூலத்துக்குக் களிம்பு எதுக்கு எழுதினாங்க? மலச்சிக்கலுக்கா?

ரோண்டா: வயித்துல பிள்ளை இருக்கிறவங்க எல்லாருக்கும் அதை எழுதுவோம். முன்கூட்டியே.

அராசெலி: எழுதுவோமா?

ரோண்டா: எழுதுவாங்க. அந்தக் காலத்துல.

அராசெலி: அடுத்த தாளைப் பாருங்க. இருபத்திரெண்டாவது வாரம் நேர்ல வர்றாங்க. உடம்புல ரத்தம் குறைஞ்சிருக்கு. ஏன் குறைஞ்சதுன்னு ஒரு ஆள் கேக்கலை. இரும்புச் சத்து மாத்திரை. அதைத் தின்னா மலம் கறுப்பாத்தான் போகும். அப்புறம் ரத்தம் போச்சா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? இருபத்தொன்பதாவது வாரம் குடல் அடைச்சு தூக்கிட்டு வர்றாங்க. கட்டி. ஈரல் பூரா பரவிடுச்சு. முப்பத்தொண்ணுல வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுக்கிறாங்க. பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆகும்போது...

ரோண்டா: அது கேள்வி பதினெட்டு. நாம ஏழுல இருக்கோம்.

அராசெலி: கல்லு மாதிரி பேசுறீங்க.

ரோண்டா: காலேஜ் முடிச்சவங்க எல்லாருக்கும் முதல் வருஷம் இந்தக் கோவம் இருக்கும். அப்புறம் இறங்கிடும். உங்க வீட்டுல நீதான் முதல் பட்டம்னு சொன்னியே... அதனால கொஞ்சம் கூடவே இருக்கும்.

அராசெலி: இந்தக் கோவம் காலேஜ்ல வந்தது இல்ல. பன்னெண்டு வயசுல வந்தது.

ஹால்வர்சன்: உள்ள வரலாமா? கதவைச் சாத்தி வச்சிருக்கீங்க... சண்டையா, சமாதானமா?

ரோண்டா: வாங்க டாக்டர். ஒண்ணுதான் பாக்கி.

ஹால்வர்சன்: மூணு மணிக்கு சியாட்டல்காரங்களோட கூட்டம். கணக்குப் போடுற பையன் பட்டியலுக்காகக் கைய நீட்டிட்டு நிக்கிறான். எது?

அராசெலி: நாப்பத்தொண்ணு. கேள்வி ஏழு.

ஹால்வர்சன்: குடுங்க... ம்ம். சீட்டுல ரத்தம்னு ஒரு வார்த்தை இல்லையே.

அராசெலி: இல்ல, டாக்டர்.

ஹால்வர்சன்: அப்புறம் எதை வச்சு ஆமான்னு டிக் பண்ணினீங்க?

அராசெலி: ...மத்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.

ஹால்வர்சன்: சேர்த்துப் பார்க்கிறது என் வேலை. உங்க வேலை இருக்கிறதை எடுக்கிறது. ரோண்டா, நீங்க?

ரோண்டா: நான் இல்லைன்னு.

ஹால்வர்சன்: அதையும் எதை வச்சு? "ரத்தம் போகலைன்னாங்க"ன்னும் சீட்டுல இல்லையே. வேடிக்கையா இருக்கு. மூணாவதா ஒரு கட்டம் இருக்கு பாருங்க. "பதிவில் இல்லை." ஒரு வருஷமா இந்த வேலை பார்க்கிறீங்க. இத்தனை ஃபைல்ல அந்தக் கட்டத்தைச் சரியாப் போட்டவங்க, இந்த ஒண்ணுல மட்டும் ரெண்டு பேருமே தொடலை. ஏன்?

அராசெலி: பதிவில் இல்லைன்னு போட்டா அவங்க ரத்தப்போக்குப் பட்டியல்ல வரமாட்டாங்க, டாக்டர்.

ஹால்வர்சன்: ஆமா. விட்டுப்போன கணக்குல போவாங்க. அடிக்குறிப்புல ஒரு எண்ணிக்கை.

அராசெலி: பதினஞ்சு வாரம் அலைஞ்சவங்க. அடிக்குறிப்பு.

ஹால்வர்சன்: கோவப்படாதீங்க. நம்ம டீம்ல பதினொரு பேர் இதுக்காகத்தான் உழைக்கிறோம்.

அராசெலி: தெரியும். குடலுக்கு நீங்க. கர்ப்பப்பைக்கு ஒருத்தர், குழந்தைக்கு ஒருத்தர், மருந்துக்கு ஒருத்தர், கணக்குக்கு ஒருத்தர். அந்தப் பொம்பளைக்குன்னு யாரு, டாக்டர்?

ரோண்டா: சமூக சேவகி இருக்காளே. வியாழக்கிழமை மட்டும்.

ஹால்வர்சன்: ...அரை மணி நேரம் தர்றேன். ஒரே பதில் வந்தா அதுவே முடிவு, கீழ ஆதாரம் எழுதுங்க. வரலைன்னா நான் மூணாவது கட்டத்தைப் போட்டு மூடிடுவேன்.

அராசெலி: சரி, டாக்டர்.

ரோண்டா: போயிட்டாரு. உட்காரு... உட்காரும்மா. நின்னுக்கிட்டே ஜன்னலை முறைச்சா அது என்ன பண்ணும்.

அராசெலி: அவர் கேட்டதை நானும் கேக்கிறேன். நீங்க ஏன் இல்லைன்னு போட்டீங்க?

ரோண்டா: கை தவறிடுச்சு. வயசாகுது. மூணாவதையே போட்டுட்டுப் போவோம்.

அராசெலி: உங்களுக்குக் கை தவறாது. பால்காரன் பில்லுல ஒரு சென்ட் கூடினாலே போன் போடுற ஆள் நீங்க.

ரோண்டா: அராசெலி.

அராசெலி: இந்த ஆபீஸ் ஃப்ரிட்ஜுல நீங்க ஒட்டி வச்சிருக்கிற சீட்டு என்ன சொல்லுது? "மூடியைப் போடு." மூடிக்குக் கீழ ரெண்டு கோடு. ரெண்டாவது கோட்டுக்கு முனையில சின்னதா ஒரு கொக்கி.

ரோண்டா: ஊர்ல எல்லாரும்தான் கோடு போடுறாங்க.

அராசெலி: கொக்கியோடவா? இந்தச் சீட்டைப் பாருங்க. தண்ணிக்குக் கீழ. பேரைத்தான் கறுப்படிச்சிருக்காங்க. கோட்டை அடிக்கலை. பதில் சொல்லுங்க.

ரோண்டா: எத்தனை நாளாத் தெரியும்?

அராசெலி: செவ்வாக்கிழமையிலிருந்து. சாப்பாட்டு டப்பாவை ஃப்ரிட்ஜுல வைக்கப் போனேன். டப்பா கீழ விழுந்துடுச்சு. நீங்கதான் வந்து துடைச்சீங்க.

ரோண்டா: ஆமா. என் எழுத்துதான். ஆஸ்பத்திரியோட சேர்ந்த அந்தக் கிளினிக்ல போன் எடுக்கிற வேலை எனக்கு. நாலு வருஷம். ஒரு நாளைக்குத் தொண்ணூறு போன். அறுவடைக் காலத்துல நூத்தி இருபது. ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம்னு சுவத்துல எழுதி வச்சிருந்தாங்க. இப்போ என்ன, தூக்குல போடப் போறியா?

அராசெலி: தொண்ணூறு போன்ல இந்த ஒண்ணு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?

ரோண்டா: இருபத்தொன்பதாவது வாரம் அவங்களைத் தூக்கிட்டு வந்தப்போ ஆஸ்பத்திரி பூரா அதே பேச்சு. வீட்டுக்குப் போனேன். தூக்கம் வரலை. மறுநாள் பழைய சீட்டுக் கட்டை எடுத்துத் தேடினேன். கிடைச்சுது. படிச்சேன். திரும்ப அங்கேயே வச்சுட்டேன்.

அராசெலி: ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே. யார் பார்த்தாங்க.

ரோண்டா: நான் பொய் எழுதுற ஆள் இல்ல. ரத்தம்னு என்கிட்ட யாரும் சொல்லலை. அதனாலதான் இல்லைன்னு டிக் போட்டேன். அந்தச் சின்னப் பொண்ணு சொன்னது இவ்வளவுதான்... "எங்கம்மாவால போக முடியலை."

அராசெலி: எந்தச் சின்னப் பொண்ணு? சீட்டுல குடும்பத்து ஆள்னுதான் இருக்கு. பொண்ணுன்னு இல்ல. சின்னன்னும் இல்ல.

ரோண்டா: குழந்தையை வச்சு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு விதி. மொழிபெயர்ப்பாளரை வச்சுத்தான் பேசணும். அவங்க லைன்ல வர்றதுக்கு இருபது நிமிஷம் காத்திருக்கணும். அதனால எல்லாருமே குடும்பத்து ஆள்னு எழுதுவோம். சரியா? போதுமா? இந்தப் பள்ளத்தாக்குல பாதி வீட்டுக்கு டாக்டர்கிட்டப் பேசினது பள்ளிக்கூடப் பிள்ளைங்கதான்.

அராசெலி: சேர்ந்தப்போ ஒரு தாள் குடுத்தாங்களே. இந்த ஃபைல்கள்ல உங்களுக்குச் சம்பந்தப்பட்டது ஏதாவது இருக்கான்னு. என்ன எழுதினீங்க?

ரோண்டா: இல்லைன்னு.

அராசெலி: கையெழுத்தும் போட்டீங்க.

ரோண்டா: போட்டேன். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதோட... அந்தக் கட்டுல இது வருதான்னு பார்க்கணும்னு இருந்துச்சு. நீ என்ன எழுதினே?

அராசெலி: என்ன?

ரோண்டா: நீயும்தானே அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டே. சீட்டுல இல்லாத ரத்தத்தை ஆமான்னு போட்டிருக்கே. பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆகும்போதுன்னு ஆரம்பிச்சே பாரு. அந்தத் தேதி இன்னும் நமக்கு வரவே இல்ல. இறப்புப் பதிவேடு அடுத்த வாரம்தான் வருது. பதினெட்டாம் கேள்வி எல்லா ஃபைல்லயும் வெறுமனே கிடக்கு. நீ என்ன எழுதினே, அராசெலி?

அராசெலி: இல்லைன்னு.

ரோண்டா: அடக் கடவுளே.

அராசெலி: தம்பிக்கு இப்போ பதினஞ்சு. அம்மா குரல் எப்படி இருக்கும்னு கேப்பான். என்னால சொல்ல முடியாது. எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒரே ஒரு பேச்சுதான். அதை அவன்கிட்ட எப்படிச் சொல்ல.

ரோண்டா: தண்ணி குடி.

அராசெலி: தண்ணி வேண்டாம். தண்ணின்னு நீங்க சொல்லாதீங்க.

ரோண்டா: ...சரி.

அராசெலி: சமையல் மேஜையில போன். பக்கத்துல மாமா, மாமா பசங்க மூணு பேர், எல்லாரும் டீவியில ஃபுட்பால் பார்த்துக்கிட்டு. அம்மா என் காதுகிட்ட வந்து சொன்னாங்க. உட்காரும்போதெல்லாம் ரத்தம் வருதுன்னு சொல்லு. மூணு வாரமா வருதுன்னு சொல்லு. பெரியவன் திரும்பிப் பார்த்தான். எனக்குப் பன்னெண்டு வயசு. அந்த இடத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு தெரியாது. தெரிஞ்ச பேரு கெட்ட வார்த்தை. அதனால... போக முடியலைன்னு சொன்னேன். மூணு வாரத்தை மட்டும் சரியாச் சொன்னேன்.

ரோண்டா: குழந்தை நீ.

அராசெலி: இருங்க, முடிக்கலை. போனை வச்சதும் அம்மா கேட்டாங்க, சொல்லிட்டியான்னு. சொல்லிட்டேன்னேன். அம்மா அதை நம்பிட்டாங்க. இருபத்திரெண்டாவது வாரம் நேர்ல போனப்போ ஏன் ரத்தத்தைப் பத்தி வாயே திறக்கலைன்னு இந்த டீம்ல பதினொரு பேரும் மண்டையை உடைச்சுக்குவாங்க. எனக்குத் தெரியும். நர்ஸுக்கு ஏற்கெனவே தெரியும், பொண்ணு சொல்லிட்டா, களிம்பும் குடுத்துட்டாங்கன்னு அம்மா நினைச்சுட்டாங்க. ரத்தம் வர்ற ஒவ்வொரு நாளும் அந்தக் களிம்பைப் போட்டாங்க. நான்தான் கடையில வாங்கிட்டு வந்தேன். அதனாலதான் ஆமான்னு போட்டேன். அம்மா சொன்னாங்க. அவங்க சொன்னாங்கங்கிறது ஒரு இடத்துலயாவது இருக்கணும். சொல்லாதது நான். மூணாவது கட்டத்தைப் போட்டீங்கன்னா நான் பண்ணினது அப்படியே உண்மையாகிடும்.

ரோண்டா: ஆதாரம் கேப்பாரு.

அராசெலி: என் பேரை எழுதறேன். மகள், மொழிபெயர்த்தவள்னு. வேலை போகும். போகட்டும். உங்க பேரை நான் சொல்லமாட்டேன். நீங்க கேட்டதை எழுதினீங்க, அவ்வளவுதான். உங்க மேல தப்பு இல்ல. ஒரு வருஷமா அந்தப் போன் எடுத்தவ கிடைச்சா முகத்துல துப்பணும்னு இருந்தேன். துப்ப வேண்டியது கண்ணாடியில.

ரோண்டா: அந்தப் பேனாவை இங்க குடு.

அராசெலி: எதுக்கு?

ரோண்டா: குடுன்னா குடு... என் "இல்லை"யை அடிச்சுட்டேன். பக்கத்துலயே "ஆமா." ஆதாரம்னு கேட்டிருக்கிற இடத்துல என் பேரு. உன் பேரு வேண்டாம்.

அராசெலி: பரிதாபப்பட்டு ஒண்ணும் பண்ண வேண்டாம், ரோண்டா. உங்களுக்கு யாரும் சொல்லலை. நீங்களே சொன்னீங்க.

ரோண்டா: நீ "போக முடியலை"ன்னதும் "வேற ஏதாவது உண்டா"ன்னு ஒரு தடவை கேட்டேன், ஞாபகம் இருக்கா? நான் யார்கிட்டயும் அதைக் கேக்கமாட்டேன், மூணு நிமிஷத்துக்கு மேல ஆகிடும். உன்கிட்ட ஏன் கேட்டேன்னா, பின்னாடி உங்கம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. சாங்ரே, சாங்ரேன்னு ரெண்டு தடவை. ஸ்பானிஷ் எனக்கு வராது. ஆனா பதினஞ்சு வருஷம் பிரசவ வார்டுல நின்னவளுக்கு ரத்தத்துக்கு என்ன வார்த்தைன்னு தெரியாம இருக்குமா? நீ "வேற ஒண்ணும் இல்ல"ன்னே... எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.